ரெண்டாம்பந்தி: ஒரு வீட்டுப்பேரைத் தேடி பாறசாலைக்கு

என் பெயருக்கு முன்னால் ஒரு 'ரெ' உண்டு. ரெங்கநாதன், ரெத்தினம், ரெகுபதி என்று அவரவர் வசதிக்கு அதை விரித்துக்கொள்வார்கள். நான் திருத்துவதில்லை. திருத்தினால் அரை மணி நேரம் போய்விடும். அது அப்பாவின் பெயரும் இல்லை, ஊரின் பெயரும் இல்லை, வீட்டுப்பேர். முழுதாகச் சொன்னால் நான் ரெண்டாம்பந்தி சுகுமாரன். கல்யாண வீட்டில் முதல் பந்தி, ரெண்டாம் பந்தி என்கிறோமே, அதே பந்திதான்.

அப்பா பாறசாலைப் பக்கத்திலிருந்து மதுரைக்கு மில் வேலைக்கு வந்தவர். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது இறந்துவிட்டார். பேரை விட்டுப்போனாரே தவிர, அதற்கு அர்த்தம் சொல்லிவிட்டுப் போகவில்லை. இந்தப் பேருள்ள இன்னொரு ஆளை மதுரையில் நான் பார்த்ததே கிடையாது. தொலைபேசிப் புத்தகம் வந்துகொண்டிருந்த காலத்தில் வருடா வருடம் தேடிப் பார்ப்பேன். எங்கள் வீடு மட்டும்தான் இருக்கும்.

இத்தனை வருடம் சும்மா கிடந்த இந்தப் பேர், போன ஆடி மாதம் வம்பாக வந்து நின்றது. என் மகள் ஆதிராவுக்குப் பாளையங்கோட்டையில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. பாஸ்போர்ட்டில் அவள் ஆதிரா ரெண்டாம்பந்தி. பத்திரிகையிலும் அப்படியே போடச் சொன்னாள். மாதிரிப் பத்திரிகை மாப்பிள்ளை வீட்டுக்குப் போன அன்று மாலையே சம்பந்தி ஆறுமுகம் அண்ணாச்சி கூப்பிட்டார். பாத்திரக்கடை வைத்திருப்பவர். எதையும் தட்டிப் பார்த்துத்தான் பேசுவார்.

"சம்பந்தி, தப்பா நினைச்சுக்கிடக் கூடாது. எங்க கோமதி அக்கா ஒரு விஷயம் கேக்கா. அது என்ன ரெண்டாம்பந்தி? முதல் பந்தியில உக்கார விடாம ஒதுக்கி வச்ச குடும்பமான்னு கேக்கா."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். ஏனென்றால் அப்படி இருக்கலாம் என்று எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. அவர்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டாரை முதல் பந்தியில் உட்கார வைக்காவிட்டால் தாலி கட்டிய கையோடு சண்டை ஆரம்பமாகிவிடும். அந்தப் பத்திரிகையை நூற்றுக்கணக்கான பேர் படிப்பார்கள். பேரை எடுத்துவிடலாமே என்றார் அண்ணாச்சி. ஆதிராவிடம் மெதுவாகச் சொன்னேன். "பேர் இல்லாவிட்டால் பத்திரிகையே வேண்டாம்பா" என்று போனைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போனவள் சும்மா இருக்கவில்லை. முகநூலில் அதே பேரோடு பாறசாலையில் ஒரு ஷைலஜா இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். செய்தி அனுப்பினால் பத்து நிமிடத்தில் பதில்: "நீங்க மதுரைக்குப் போன பெரியப்பாக்க குடும்பமா? ஆவணியில எனக்க வீடு பாலுகாச்சு. வராம இருக்கப்படாது." பாலுகாச்சு என்றால் புதுமனை புகுவிழா.

நான் போகிறேன் என்றதும் அண்ணாச்சி தானும் வருவதாகச் சொன்னார். பாலராமபுரத்தில் கல்யாணத்துக்குக் கைத்தறிச் சேலை எடுக்க வேண்டுமாம். சேலைக்காக அவர் வரவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். போனிலேயே பேசி முடித்துக்கொண்டோம். நல்ல பேர் என்று தெரிந்தால் பத்திரிகையில் இருக்கும். ஒதுக்கி வைத்த பேர் என்றால் எடுத்துவிடுவது. மகளிடம் இதை நான் சொல்லவில்லை. அவள் வழியில் சாப்பிட முறுக்கு கட்டிக் கொடுத்தாள்.

சனிக்கிழமையே பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்துவிட்டேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாகர்கோவில் பேருந்து. சுமார் எண்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கிருந்து மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளைக்கு இன்னொரு பேருந்து. நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. சாலை குறுகல், வளைவு, தேவாலயம், மறுபடி வளைவு. வேட்டி சட்டைகளுக்கு நடுவே ரப்பர் ஷீட்டுகளையும் கொடியில் காயப் போட்டிருப்பார்கள். அண்ணாச்சி ஜன்னலோரம் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மார்த்தாண்டத்தில் நேந்திரங்காய் வறுவல் நீட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"வேண்டாம் சம்பந்தி. மலையாளத்து விருந்து சாப்பிடப் போறோம். வயித்துல இடம் வேணும்லா."

ஆதிராவின் முறுக்கையும் தொடவில்லை. காலையில் இரண்டே இட்லியோடு கிளம்பிய மனிதர். இது பின்னால் எவ்வளவு பெரிய விஷயமாகப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

குழித்துறைப் பாலம் தாண்டி, பத்து மணிக்குக் களியக்காவிளையில் இறங்கினோம். தமிழ்நாடு இங்கே முடிகிறது என்று சொல்ல ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது. அது இல்லாவிட்டால் தெரியாது. கடைப் பலகையில் எழுத்து மாறுகிறது, கடைக்குள் பேச்சு மாறுவதில்லை. டீக்கடைக்காரர் எங்களிடம் தமிழில் விலை சொல்லிவிட்டு, அதே மூச்சில் பக்கத்து ஆளிடம் மலையாளத்தில் சில்லறை கேட்டார். ஒரே வீட்டில் அண்ணன் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் தம்பி மலையாளப் பள்ளிக்கூடத்திலும் படித்த ஊர்கள் இவை.

ஆட்டோவில் ஏறினோம். ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும், பேர் ராஜேந்திரன். பாறசாலை நான்கு கிலோமீட்டருக்குள்தான். நாங்கள் போக வேண்டியது அதைத் தாண்டி உள்ளே. நூற்றைம்பது ரூபாய் கேட்டார்.

"பாறசாலையில எங்க?"

"ரெண்டாம்பந்தி வீடு" என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பேரைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மலர்ந்தது.

"பாலுகாச்சுக்காக்கும்! ஏறுங்க, ஏறுங்க. நேத்து பாத்திரம், விறகு எல்லாம் அடிச்சு எறக்கினது நானாக்கும். இண்ணைக்கு எனக்கு அங்க ஊணு உறப்பு." ஊணு என்றால் சாப்பாடு, உறப்பு என்றால் நிச்சயம்.

அண்ணாச்சி சமயத்தை விடவில்லை. "தம்பி, அது என்ன அப்படி ஒரு பேரு?"

"இஞ்ச வீட்டுப்பேரு இல்லாத ஆளு உண்டா அண்ணாச்சி? எனக்க வீடு பனவிளை. பக்கத்து வீடு கிழக்கேவிளாகம். அதுக்கு அடுத்தது பாறைக்கோணம்."

"அதெல்லாம் சரி. ரெண்டாம்பந்தி?"

ராஜேந்திரன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "அது ஊணுக்கு இருக்கும்போ தெரியும்."

இந்த வீட்டுப்பேர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் அப்பா பெயரின் முதல் எழுத்து போதும். பாறசாலை, நெய்யாற்றின்கரை, விளவங்கோடு பக்கம் ஒரே ஊரில் பத்து தங்கப்பன் இருப்பார்கள். எந்தத் தங்கப்பன் என்று தெரிய வீட்டுப்பேர் வேண்டும். பெரும்பாலும் அது நிலத்தின் பேர்தான். மேட்டுப் பயிர் நிலம் விளை, வீட்டைச் சுற்றிய தோட்டம் விளாகம், மூலையில் இருந்தால் கோணம். அதோடு பனையோ பாறையோ திசையோ சேர்ந்துகொள்ளும். போகிற வழியில் மதில்களில் எழுதியிருந்த பேர்களை வாசித்துக்கொண்டே போனேன். எல்லாம் மண்ணும் மரமும்தான். சாப்பாட்டில் பேர் வைத்த வீடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அண்ணாச்சியும் வாசித்துக்கொண்டுதான் வந்தார். ஒவ்வொரு பேரையும் வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு இறக்கம். இறக்கத்தின் முடிவில் புது வீடு, வாசலில் பந்தல். ஷைலஜா ஓடி வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் தாத்தாவும் அவள் தாத்தாவும் அண்ணன் தம்பி.

"அண்ணே, வந்தீங்களே! இஞ்ச பாருங்க எல்லாரும், மதுரைக்காரரு வந்தாச்சு!"

அப்புறம் நடந்ததை எழுத எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. பந்தலில் இருந்த ஆட்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பேரைச் சொன்னார்கள். ரெண்டாம்பந்தி மோகனன், ரெண்டாம்பந்தி விஜயம்மா, ரெண்டாம்பந்தி அஜித். ஐம்பத்து மூன்று வயது வரை உலகத்தில் எனக்கு மட்டும் உரிய விசித்திரம் என்று நினைத்திருந்த பேரை, ஆளாளுக்குச் சட்டைப் பையிலிருந்து எடுப்பதுபோல எடுத்து நீட்டினார்கள். ஷைலஜா விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் ஐந்து வீடு. களியக்காவிளைக்குக் கிழக்கே இரண்டு. துபாயில் ஒன்று. மதுரையில் நான். ஒன்பது வீடு, அவ்வளவுதான்.

"எனக்க பிள்ளைகளுக்கும் இதே பேருதான் அண்ணே. இவிய வீட்டுப்பேரு மேலேவிளாகம். ஆனா பிள்ளைகளுக்கு அது இல்லை" என்று கணவர் சந்திரனைக் காட்டினாள். சந்திரன் கையைக் கட்டிக்கொண்டு, "எனக்குப் பேரு வச்சதே பெரிய காரியம்" என்றார். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. ஆதிராவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டரை மணிக்கு இலை போட்டார்கள். இனி நடந்ததைக் கவனமாக வாசிக்க வேண்டும். இந்தப் பயணமே அதில்தான் இருக்கிறது.

அண்ணாச்சி பசியில் இருந்தார். அதோடு பெண் வீட்டுச் சொந்தக்காரர்களின் விருந்துக்கு வந்திருக்கும் மாப்பிள்ளையின் அப்பா. அவர் ஊர் வழக்கப்படி யாரும் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. நேராகப் போய் முதல் வரிசையின் முதல் இலையில் உட்கார்ந்து, குடையைப் பக்கத்தில் சாய்த்து வைத்து, இலையில் தண்ணீர் தெளித்துவிட்டார்.

ஷைலஜா விறுவிறுவென்று அவரிடம் போனாள். "மாமா, ஒண்ணும் நினைக்கப்படாது. கொஞ்சம் எழும்புங்க."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்தார். அவர் எழுந்த இலையில் வந்து உட்கார்ந்தது எங்கள் ஆட்டோக்காரர் ராஜேந்திரன். அவருக்கு அடுத்து வீடு கட்டிய கொத்தனார்கள், சித்தாள் பெண்கள், ஆசாரி, மின்சார வேலை பார்த்தவர், பந்தல் போட்டவர்கள், தேங்காய் துருவிய பெண்கள், வியர்வையைத் துடைத்துக்கொண்டு தலைமைச் சமையல்காரர். ஷைலஜா பருப்பு ஊற்ற, சந்திரன் நெய் விட்டார்.

அண்ணாச்சி வெளியே போய் ஒரு பலா மரத்தடியில் குடையை விரித்துக்கொண்டு நின்றார். மரத்தடியில் குடை எதற்கு? கோபத்துக்குத்தான். நான் பக்கத்தில் போனேன்.

"அக்கா சொன்னது சரியாப் போச்சு சம்பந்தி. உங்க வீட்டுல வந்தவனைக் கிளப்பி விடுதது வழக்கம் போல. நான் கிளம்புதேன். பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கிடுவோம். அந்த ஆட்டோவைக் கூப்பிடுங்க."

பேர் போவது இருக்கட்டும், கல்யாணமே போய்விடும் போலிருந்தது. "அண்ணாச்சி, ஆட்டோக்காரர்..." என்று பந்தலைக் காட்டினேன். ராஜேந்திரன் அப்போதுதான் சாம்பாருக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி குடையைச் சுழற்றினார். அதற்குள் ஷைலஜா இரண்டு தம்ளர் மோரோடு வந்துவிட்டாள். பின்னாலேயே நெய்க் கிண்ணத்தோடு சந்திரன்.

"மாமாக்குக் கோவம் உண்டுண்ணு தெரியும். நான் முன்னாலயே சொல்லியிருக்கணும். இஞ்ச உள்ளவங்களுக்கு எல்லாம் தெரியும், அதனால சொல்லணும்ணு தோணல்ல. எங்க வீட்டுல எந்த விசேஷத்துக்கும் முதல் பந்தி வேலை செய்தவங்களுக்காக்கும். வீட்டு ஆளும் விருந்தாளியும் ரெண்டாம் பந்தி. மந்திரி வந்தாலும் அப்படித்தான்."

"எப்ப இருந்து?" என்றேன்.

அவள் சொன்னதை என் வார்த்தையில் சுருக்குகிறேன். மாநிலங்களைப் பிரிப்பதற்குச் சில வருடங்கள் முன்பு. இந்தப் பகுதி முழுவதும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கட்சி, கூடாது என்று ஒரு கட்சி. சாலையில் போலீஸ் லாரி ஓடிக்கொண்டிருந்த காலம். சாயாக்கடையில்கூடக் கட்சிக்கு ஒரு பெஞ்சு. அப்போது எங்கள் வீட்டுப்பேர் குழிவிளை. என் கொள்ளுத்தாத்தா அப்பாவு, மகள் தங்கம்மைக்கு நெய்யாற்றின்கரைப் பக்கம் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார். பேசி முடித்த பிறகு போராட்டம் சூடு பிடித்துவிட்டது. பெண் வீட்டுச் சொந்தம் முழுக்கத் தமிழ்க் கட்சி. மாப்பிள்ளை வீட்டார் எதிர்க் கட்சி.

தாலி கட்டியாயிற்று. சாப்பாட்டில் வந்தது வில்லங்கம். இரண்டு கட்சியும் ஒரே பந்தியில் உட்காராது. சரி, இரண்டு பந்தி என்றால் யார் முதலில்? மாப்பிள்ளை வீட்டார் நாங்கள் என்றார்கள் அவர்கள். எங்கள் மண்ணில் உங்களுக்கு முதல் பந்தியா என்றார்கள் இவர்கள். இலையைப் போடுவதும் எடுப்பதுமாக உச்சி வெயில் தாண்டிவிட்டது.

"அப்பாவு பாட்டா என்ன செய்தாவ தெரியுமா? சமையல்காரன், விறகு கீறினவன், தண்ணி கோரினவன், மேளக்காரன், வண்டிக்காரன் எல்லாரையும் கூப்பிட்டு, 'எலே, எல்லாரும் இரியுங்க. நீங்கதானே காலத்தே இருந்து பட்டினி'ண்ணு சொல்லி முதல் பந்தியை முடிச்சுப் போட்டாவ. முதல் பந்தியே முடிஞ்சாச்சு. பின்ன எதுக்கு வழக்கு? மிச்சம் உள்ளது ஒரே ஒரு பந்தி."

அண்ணாச்சி மோரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "மாப்பிள்ளைக்கு அப்பன் சும்மாவா இருந்தாரு?"

சந்திரன் அதற்காகவே காத்திருந்தவர்போல முன்னால் வந்தார். அவர் அந்த மாப்பிள்ளையின் குடும்பத்தில் வந்தவர். "எங்க பாட்டாவாக்கும் அது. கோவிச்சுக்கிட்டு, 'வண்டியைக் கெட்டு, இப்பவே போவணும்'ண்ணு ஒரே சத்தம். ஆனா வண்டிக்காரன் பந்தியில இருந்து சாம்பார் ஊத்தித் திங்கியான். அவன் இல்லாம எங்க போறது?"

அண்ணாச்சி பந்தலைத் திரும்பிப் பார்த்தார். ராஜேந்திரன் பிரதமன் பாயசத்தை நக்கிக்கொண்டிருந்தார். அண்ணாச்சியின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். பிறகு குடை. வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் மோரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"ஏ யப்பா! அன்னைக்கும் அப்பனுக்கு வண்டி கிடைக்கலையா!"

"பின்னே அவிய என்ன செய்தாவ?" என்று சிரிப்புக்கு நடுவில் அவரே ஷைலஜாவின் பேச்சில் கேட்டார்.

"எங்க பாட்டாதான் முதல்ல எறங்கி வந்தாரு. பெரிய மனசு" என்றார் சந்திரன்.

"பெரிய மனசா? பசி!" என்றாள் ஷைலஜா. இந்த வழக்கு இவர்கள் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து நடக்கிறதாம். இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிற கடைசிப் பகுதி இதுதான். முதல் பந்தி முடிந்து கை கழுவிய சமையல்காரர் நேராக இரண்டு கட்சிக்கும் நடுவில் வந்து நின்று, உப்பும் புளியும் ஒத்திருக்கிறது, பயமில்லாமல் வாருங்கள் என்று கூப்பிட்டாராம். சமைத்தவனே சாப்பிட்டுவிட்டு வந்து கூப்பிடும்போது யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? யாருக்கு யார் பக்கத்தில் என்று பார்க்காமல் எல்லோரும் உட்கார்ந்து தீர்த்துவிட்டார்கள். அப்புறம் தெற்குத் தாலுகாக்கள் பிரிந்து தமிழ்நாட்டுப் பக்கம் போயின, நெய்யாற்றின்கரை கேரளப் பக்கம் நின்றது. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்தே கேலி செய்தார்கள், ரெண்டாம்பந்திக்காரன் போகிறான் பார் என்று. அப்பாவு அந்தக் கேலியை எடுத்து வீட்டுக்குப் பேராக வைத்துவிட்டார். குழிவிளை என்ற பேரை இப்போது யாரும் சொல்வதில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே பந்தலிலிருந்து ராஜேந்திரன் கை கழுவித் துண்டில் துடைத்தபடி வந்தார். சாப்பிட்டவர்களில் ஒருவர் வந்து மற்றவர்களைக் கூப்பிடுவதுதான் இன்னும் முறை. அன்றைக்கு அது அவர் பங்கு. அண்ணாச்சி முன்னால் வந்து நின்று, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்:

"அண்ணாச்சி, வாருங்க. ஊணு கொள்ளாம். எரிசேரியை மட்டும் விட்டுராதீங்க."

கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அண்ணாச்சி குடையை மடக்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் பந்தலுக்குள் போனார். அவியல், ஓலன், எரிசேரி, இஞ்சிக்கறி. கடைசியில் இலையில் போளியை விரித்து அதன் மேல் பால்பாயசம் விட்டார்கள். திருவனந்தபுரம் பக்கத்து வழக்கம் இது. கையால் பிசைந்து சாப்பிட வேண்டும். அண்ணாச்சி மூன்று போளி. நான் எத்தனை என்று சொல்ல மாட்டேன்.

அன்று மாலை ராஜேந்திரனே எங்களை நெய்யாற்றின்கரையில் கொண்டு விட்டார். பாறசாலையிலிருந்து பத்து கிலோமீட்டர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண விடுதி, இரண்டு பேருக்குத் தொள்ளாயிரம் ரூபாய், சுத்தமான அறை. மறுநாள் காலை ஏழு கிலோமீட்டரில் பாலராமபுரம். தெருவுக்குள் நடந்தாலே தறிச் சத்தம் கேட்கும். அண்ணாச்சி ஒவ்வொரு சேலையையும் வெளிச்சத்தில் பிடித்துக் கரையைத் தேய்த்துப் பார்த்து, கடைக்காரரை ஒரு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, கசவுக்கரை, அதாவது ஜரிகைக்கரை வைத்த மூன்று சேலை எடுத்தார். பேரைப் பற்றி மூச்சே விடவில்லை. நானாகக் கேட்கவும் பயமாக இருந்தது. பில் போட்டு முடித்ததும் கடை வாசலில் நின்றே அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, பேரு பத்திரிகையில இருக்கட்டும். கொஞ்சம் பெரிய எழுத்தாவே இருக்கட்டும். ஏன்னா? நேர்ல வந்து சொல்லுதேன், போன்ல சொன்னா நீ சண்டைக்கு வருவ."

நான் தெருவிலேயே அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மகளுக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மழை ஓய்ந்த பிறகு, மார்கழியிலிருந்து மாசிக்குள் போனால் நல்லது. களியக்காவிளை வரை தமிழ்நாட்டுப் பேருந்து, அங்கிருந்து கேரளப் பேருந்து அடிக்கடி உண்டு. நாகர்கோவிலிலிருந்து ரயிலில் நேராகப் பாறசாலையில் இறங்கவும் செய்யலாம், நேரத்தை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மலையாளம் தெரியாவிட்டால் கவலையில்லை. பாலராமபுரத்துக் கடைகள் ஞாயிற்றுக்கிழமை பல மூடியிருக்கும். ஒரு நாள் கூட இருந்தால் கள்ளிக்காடு போய் நெய்யாறு அணையைப் பார்த்துவிட்டு வரலாம், எங்களுக்கு நேரமில்லை. உங்கள் பேருக்கு முன்னால் விளை, விளாகம், கோணம் என்று ஏதாவது தொங்கிக்கொண்டிருந்தால் ஆட்டோக்காரர்களிடம் கேளுங்கள். யார் வீட்டில் யார், எந்தப் பிள்ளை எந்த ஊருக்குப் போயிற்று என்பது அவர்களுக்குத் தெரியும். விசேஷ வீட்டுக்குப் போனால் காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். எந்தப் பந்தியில் உட்கார வைப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

கல்யாணம் தை மாதம் பாளையங்கோட்டையில் நடந்தது. ஷைலஜா ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்திருந்தாள். சமையல்காரர்கள், நாதஸ்வரக்காரர்கள், மாலை கட்டியவர்கள், வேன் ஓட்டுநர்கள் முதல் பந்தியில் உட்கார, பட்டுச் சேலையோடு ஆதிராவும் மாப்பிள்ளையும் அப்பளம் பரிமாறினார்கள். வெளியே அண்ணாச்சியின் சொந்தங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலிகளில் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் கோமதி அக்கா, எழுபது வயது, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

பந்தி முடிந்து தவில்காரர் வெளியே வந்தார். நான் சொல்லிக் கொடுத்திருந்தபடி நேராக அக்காவிடம் போய்க் கும்பிட்டார். "அம்மா, வாங்க. எல்லாம் ருசியா இருக்கு. எங்களை ஒரு கல்யாணத்துலயும் இப்படி முதல்ல உக்கார வச்சதில்லம்மா."

அக்காவும் அவரைக் கும்பிட்டார். பிறகு எழுந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தார். கதவருகே நின்று மெதுவாகக் கேட்டார்:

"ஏ சுகுமாரா, நாளைப்பின்ன ஆதிராவுக்குப் பிறக்கப் போற எங்க வீட்டுப் பிள்ளைக்கு இந்த வீட்டுப்பேரை வைக்கணும்னா, அதுக்கு உங்க ஊர்ல யாரையாவது கேக்கணுமாய்யா?"